விசாலத்தில் வரும் பயம்



வழக்கமாக இந்தப் பக்கங்களில் ஏதாவது ஒரு நோயைப் பற்றி நம் டாக்டர்களில் ஒருவர் எழுதுவார். இம்முறை அந்தப் பொறுப்பு சிற்றாலயக் குருவாகிய எனக்கு வந்திருக்கிறது. நான் எழுதப்போகிற தொல்லை எக்ஸ்ரேயில் தெரியாது. இரத்தப் பரிசோதனையிலும் அகப்படாது. நான்குவழிச்சாலையில் வண்டி ஓட்டும்போது சிலருக்கு வருகிற பயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நினைக்கிறவர்கள் ஒரு பெண்ணின் முழங்கால் கதையையாவது வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோரிப்பாளையம் சந்திப்பு உங்களில் பலருக்குத் தெரியும். 1889-ல் திறக்கப்பட்ட ஏ.வி. பாலத்தைத் தாண்டி வருகிற பேருந்துகளும், தல்லாகுளத்திலிருந்து இறங்குகிற பேருந்துகளும், அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு அலறிக்கொண்டு போகிற 108 வண்டிகளும், தர்காவுக்கு வருகிற குடும்பங்களும், ஷேர் ஆட்டோக்களும் அங்கேதான் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். 2023-ன் இறுதியில் மேம்பால வேலை தொடங்கியபோது, இருந்த இடமும் சுருங்கிப்போயிற்று. அந்த நாட்களில் ஒருமுறை, கள்ளிக்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஊழியம் செய்கிற உபதேசியார் ஒருவர் தம் சபையின் பழைய ஆம்னி வேனில் என்னை அந்தச் சந்திப்பின் வழியாக அழைத்துச் சென்றார். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை ஜன்னலுக்கு வெளியே. வாய் என்னோடு சபைக் காரியங்களைப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு மாநகரப் பேருந்து எங்கள் கண்ணாடியை உரசுகிற மாதிரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டது நான்தான். அவர் பேச்சை நிறுத்தவேயில்லை.

இதே மனிதர் திருமங்கலம் தாண்டி நான்குவழிச்சாலையில் ஏறினால் உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வண்டியை ஓரங்கட்டிவிடுவார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

தெரியவந்த விதத்தைச் சொல்கிறேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதத்து மாலையில், அவரும் அவர் மனைவியும் அந்த வேனில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நடுத்திட்டு இடைவெளியிலிருந்து ராங் சைடில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. இவர் ஒடித்தார், வண்டி திட்டில் மோதியது. இவருக்கு நெற்றியில் நான்கு தையல். அம்மாவுக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, அதுவும் மூட்டு வரைக்கும். காய்கறி ஏற்றிப்போன ஒரு வேன்காரர் நிறுத்தி, 108-ஐ அழைத்து, அது வரும்வரை அம்மாவின் காலை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாராம். (இப்படி உதவுகிறவர்களைப் போலீஸ், கோர்ட் என்று அலைக்கழிக்கக் கூடாது என்று 2019-ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் சபைகளில் இன்னும் பலருக்கு இது தெரியாது.) அறுவை சிகிச்சை முடிந்து, முழங்கால் பயிற்சிக்காக அம்மா நம் மருத்துவமனைக்கு வரத்தொடங்கினார். கட்டணத்தில் பாதியை ஏழை நோயாளிகள் நிதியிலிருந்து, அதாவது உங்கள் காணிக்கையிலிருந்து, கொடுத்தோம்.

மூட்டோடு சேர்ந்த முறிவில் காலம் மிக முக்கியம். எலும்பு கூடினால் மட்டும் போதாது. முதல் சில வாரங்களிலேயே முழங்காலைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பழக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகி, மூட்டு அப்படியே விறைத்துவிடும். வாரம் இரண்டு முறை வரச்சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரம் வாடகைக் காரில் வந்தார்கள். அதன்பின் வரவேயில்லை. ஐந்தாவது வாரம் பிசியோதெரபி தங்கை என்னைப் பிடித்துக்கொண்டார். "அய்யா, அந்தம்மா முழங்காலு போயிரும்யா. நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸில் போனேன். "ஸ்தோத்திரம் அய்யா, வாங்க, வண்டி கொஞ்சம் ரிப்பேரு, அதான் வர முடியலை" என்றார் உபதேசியார். வண்டி வேப்பமரத்தடியில் கழுவித் துடைத்து நின்றது. காப்பி கொண்டுவரச் சொல்லி அவர் உள்ளே போனதும், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்கய்யா. இவுகளுக்குத்தான் நாலுவழியில ஏறுனா கைகாலெல்லாம் நடுங்குது. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காக."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். டி.கல்லுப்பட்டிப் பக்கம் குறுக்குப் பாதைகளில் சுற்றி, தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் ஓரமாக ஊர்ந்து, திருநகர், திருப்பரங்குன்றம் வழியாக மதுரைக்குள் நுழைந்து பழகியிருந்தார். தனியாக என்றால் அப்படி வந்துவிடுவார். அந்தப் பாதையின் பள்ளங்களில் அம்மாவின் கால் தாங்காது. வாடகைக் காருக்கு ஒரு தடவைக்கு 2,000 ரூபாய். பஸ் படி ஏற அம்மாவால் முடியாது. ஆகவே வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஒரு கன்வென்ஷனில் தம் பயத்தைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டாராம். விசுவாசக்குறைவு, உபவாசம் இருங்கள் என்று பதில் வந்திருக்கிறது. இருந்தார். பயம் போகவில்லை, கூடவே வெட்கமும் சேர்ந்துகொண்டது.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "கோரிப்பாளையத்தில் உங்களுக்கு ஏன் தம்பி பயமில்லை?" என்பதுதான். கொஞ்சம் யோசித்தார். "அங்க எப்ப வேணும்னாலும் நிறுத்திரலாம்யா. இறங்கி நடந்துகூடப் போயிரலாம். நாலுவழியில ஏறிட்டா ஏறுனதுதான்" என்றார். பின்னால் நான் பேசிய டாக்டர்களும் வாசித்த புத்தகங்களும் இந்தப் பதிலைத்தான் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். பார்க்க விசாலமாக இருக்கிற அந்தச் சாலை உள்ளே இருப்பவருக்கு ஓர் அடைப்பு. வலதுபுறம் திட்டு, இடதுபுறம் சில இடங்களில் கம்பி வேலி, சில இடங்களில் பள்ளம். பின்னால் லாரி. திரும்ப வேண்டுமானால் அடுத்த இடைவெளி வரைக்கும் போயாக வேண்டும்.

பழைய சாலை இப்படி இல்லை. 17-ம் நூற்றாண்டின் இறுதியில் ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளைப் பற்றி நம் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். மரமும் தண்ணீரும் சத்திரமும் சேர்ந்ததுதான் அன்று சாலை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என்ற பெயர் இன்னும் நிற்கிறது. நான் வாலிபனாக இருந்த காலத்துத் தேசிய நெடுஞ்சாலை 7-ம் புளியமரங்களுக்கு நடுவே போகும் ஒற்றைச் சாலைதான். எந்த மரத்தடியிலும் ஒதுங்கலாம். வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடிய அந்தச் சாலை நான்குவழியாக அகன்றது. 2010-ல் எண்களை மாற்றியபோது ஸ்ரீநகர்–கன்னியாகுமரி சாலையின் பகுதியாகி 44 ஆயிற்று. மரங்கள் போயின. பயண நேரம் குறைந்தது, அதற்காக நன்றியோடிருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து அவசர நோயாளிகள் இப்போது எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறார்கள் என்பதை வாசலில் நின்று பார்க்கிறவன் நான். ஆனால் ஒதுங்கும் இடம் போய்விட்டது. கோரிப்பாளையத்துக்கு அருகே தல்லாகுளத்தில் தொடங்கும் நத்தம் பறக்கும் சாலையும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் திறந்தார்கள், 7.3 கி.மீ. நீளம். ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது என்பதற்காகவே கீழ்ச்சாலையில் போகிற பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் காரணத்தை வேறு மாதிரிச் சொல்வார்கள்: "கீழே போனால் காய் வாங்கிக்கொண்டு போகலாமே."

1870-களின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்தில் கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற மருத்துவர் இதைப் போன்ற ஒரு துன்பத்தை விவரித்து எழுதினார். அவரிடம் வந்தவர்கள் அறிவுத் தெளிவுள்ள, உழைத்துச் சம்பாதிக்கிற மனிதர்கள். ஆனால் அகன்ற சதுக்கத்தையோ ஆளில்லாத நீண்ட தெருவையோ கடக்க அவர்களால் முடியவில்லை. வெஸ்ட்ஃபால் இதற்கு ‘அகோராஃபோபியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் படித்தவர்களுக்கு ‘அகோரா’ பழகிய சொல். பவுலையும் சீலாவையும் பிலிப்பியில் இழுத்துக்கொண்டு போன இடம் அது. அத்தேனேயில் பவுல் தினந்தோறும் சம்பாஷித்த இடமும் அது. நம் வேதாகமம் அதைச் சந்தைவெளி என்கிறது. வெஸ்ட்ஃபால் இன்னொன்றையும் கவனித்தார். துணைக்கு ஒருவர் கூட நடந்தால், ஒரு வண்டி பக்கத்தில் போனால், சிலருக்குக் கையில் ஒரு தடி இருந்தால்கூட, அந்தப் பயம் தணிந்தது. 150 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் குறிப்பு பயன்படுகிறது என்பதைக் கீழே காண்பீர்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பைத் தயார் செய்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறவர் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. வேகமாக மூச்சுவிடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே குறைகிறது. அதனால் விரல்நுனிகளும் உதடும் மரத்து, தலை லேசாகிறது. ‘மயங்கப்போகிறேன், செத்துப்போவேன்’ என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணமே இரண்டாவது ஆபத்தாகி, பயத்தை இன்னும் ஏற்றுகிறது. டாக்டர்கள் பேனிக் அட்டாக் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்கு வந்து, பிறகு தானாகவே இறங்கிவிடும். அனுபவிக்கிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் பத்து வருஷம்.

இறங்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை என்பதுதான் சிக்கல். அடுத்த இடைவெளியில் திரும்பி ஊருக்குப் போய்விடுகிறோம். என்ன ஒரு நிம்மதி! மதுரைக்காரர்களுக்கு விளங்கும்படி சொன்னால் அந்த நிம்மதி கந்துவட்டிக் கடன். இன்றைக்குக் கைக்குப் பணம் வந்துவிட்டது. வட்டி நாளை முதல் ஏறும். திரும்பினதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. முதலில் நான்குவழிச்சாலையில் இரவில் மட்டும் பயம், பிறகு பகலிலும், பிறகு பாலத்தின் மேல், கடைசியில் பிறர் ஓட்டும் வண்டியில் உட்காரவும் பயம். உபதேசியாருக்கு ஐந்து மாதத்தில் இவ்வளவும் ஏறியிருந்தது. நான்குவழிச்சாலையின் அந்தப்பக்கம் இருந்த இரண்டு கிராமங்களுக்கு ஆராதனை நடத்தப் போவதையும் நிறுத்திவிட்டார். ஓர் அடக்க ஆராதனைக்குப் போகவில்லை. ஊரார் அதை மறக்கவில்லை.

எல்லாப் பயத்தையும் மனசின் வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு நெஞ்சுப் படபடப்பும் மூச்சுமுட்டலும் வந்தால் முதலில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். ‘பயம்தான்’ என்று நாமே முடிவு கட்டினால், மாரடைப்பைப் பதற்றம் என்று எண்ணி இழந்துபோவோம். இரவில் மட்டும் பயப்படுகிறவர் கண்ணைச் சோதிக்க வேண்டும். கண்புரை தொடங்கியிருந்தால் எதிரே வரும் விளக்கு சிதறி, சாலையே மறைந்துவிடும். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு கண்புரையோடு இரவில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதற்கு நமக்குச் சாக்கே கிடையாது. இன்னொன்று, ‘வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறது’ என்று சிலர் சொல்வார்கள். மெக்கானிக்கிடம் போனால் வண்டியில் குறை இராது. 1985-லேயே இங்கிலாந்தில் இரண்டு மருத்துவர்கள் இப்படிப்பட்டவர்களைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். உள்காதில் சமநிலை காக்கும் உறுப்பு கொஞ்சம் பழுதுபட்டவர்கள் கண்ணை நம்பி நிற்கிறார்கள். பக்கத்தில் மரமோ வீடோ இல்லாத அகன்ற சாலையில் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காமல், கார் சாய்கிறது என்று தோன்றுகிறது. ஆம்னி போன்ற லேசான, உயரமான வண்டியில் வேகமாகப் பேருந்து கடக்கும்போது காற்று உண்மையிலேயே தள்ளவும் செய்யும். அது கற்பனை இல்லை.

சாலையின் ஆபத்தும் கற்பனை இல்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். நாட்டின் சாலை நீளத்தில் ஏறக்குறைய 2 சதவீதமே தேசிய நெடுஞ்சாலை. சாவுகளில் 36 சதவீதம் அங்கேதான். இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தினால். 2018-ல் நான்குவழிச்சாலையில் கார்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ. என்று மத்திய அரசு வைத்தது. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறோம். தும்மி முடிப்பதற்குள் நம் மருத்துவமனை வெளிநோயாளர் கூடத்தின் நீளம் தாண்டிவிடும். ஆகவே பயப்படுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற வாலிபரைவிடப் பயப்படுகிறவரே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவருக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டியது கட்டுமீறிவிட்டது, அவ்வளவுதான்.

விசுவாசக்குறைவு என்ற வார்த்தைக்கு வருகிறேன். சங்கீதக்காரன் தன் துன்பத்தை நெருக்கம் என்றும், தேவன் தந்த விடுதலையை விசாலம் என்றும் பாடுகிறான். 18-ம், 31-ம், 118-ம் சங்கீதங்களை எடுத்துப் பாருங்கள். எபிரெய மொழியில் இந்த இரண்டு சொற்களும் எதிரும் புதிருமாகவே வருகின்றன. செமினரியில் இதைப் படித்த நாளிலிருந்து விசாலம் என்றால் நிம்மதி என்றே பிரசங்கித்துவந்தேன். விசாலத்திலேயே நெருக்கத்தை அனுபவிக்கிற ஒரு மனிதர் என் முன்னே உட்கார்ந்து அழுதபோது என்னிடம் ஆயத்தப் பிரசங்கம் இல்லை. எலியாவைத்தான் நினைத்துக்கொண்டேன். கர்மேலில் அத்தனை பேருக்கு முன் நின்றவர், யேசபேலின் ஒரு செய்தி வந்ததும் ஓடினார். சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகவேண்டும் என்றார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பயணம் உன்னால் தாங்கக்கூடியதல்ல என்று தூதனே ஒத்துக்கொள்கிறான் (1 இராஜாக்கள் 19). அந்த அத்தியாயத்தை அவருக்கு வாசித்தேன். பிறகு அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. கண்ணும் காதும் சரி. வாரம் ஒருமுறை நம் மருத்துவமனைக்கு வருகிற மனநல மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. (எழுத வேண்டிய நோயாளிகளும் உண்டு, அது டாக்டரின் தீர்மானம். மருந்துக்கடையில் தானாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்காருவது மட்டும் வேண்டவே வேண்டாம்.) பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கச் சொன்னார். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசஃப் வோல்பி 1958-ல் எழுதிய புத்தகத்தின் மூலம் பரவிய முறையிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. முதலில் மிக லேசான பயம். அது தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். தணிந்த பிறகே அடுத்த படி. பயம் உச்சத்தில் இருக்கும்போது விட்டு ஓடக்கூடாது என்பதே இதில் கட்டாயம்.

நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் துணைக்கு வரச் சம்மதித்தார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு. எங்கள் எல்லாரையும்விட இந்தக் காரியத்தில் ஞானி. நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். என் வேலை சும்மா இருப்பது. (நானும் அந்தச் சாலையில் மேலே உள்ள கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறவன்தான். யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.)

முதல் சனிக்கிழமை விடியற்காலையில் சர்வீஸ் ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவுதான் அன்றைய பாடம். இரண்டாவது வாரம் ஓட்டுநர் ஓட்டினார். உபதேசியார் பக்கத்தில் உட்கார்ந்து ஒதுங்கக்கூடிய இடங்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "பெட்ரோல் பங்க். பஸ் ஸ்டாப். சர்வீஸ் ரோடு இறக்கம். ஓட்டல்." திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையில் இத்தனை இடம் இருக்கிறதா என்று அவரே ஆச்சரியப்பட்டார். வழியே இல்லை என்று நினைத்த சாலையில் அவர் கண்ணுக்கு வழிகள் தெரியத் தொடங்கின. மூன்றாவது வாரம் அவரே ஓட்டினார், ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளி வரைக்கும், இடது ஓடுதளத்தில், 50 கி.மீ. வேகத்தில். "பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அவன் அவசரம்யா, நம்ம அவசரம் இல்ல" என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டேயிருந்தார். கையை ஸ்டியரிங்கில் தளர்த்திப் பிடிக்கவும், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டவும், முன்னே போகும் வண்டியின் பின்விளக்கைப் பார்க்காமல் சாலையின் தூரத்தைப் பார்க்கவும் டாக்டர் கற்றுக்கொடுத்திருந்தார். மூக்கிலும் வாயிலும் காகிதப் பையை வைத்து மூச்சுவிடும் பழைய வைத்தியத்தை இப்போது சொல்வதில்லை, அது ஆபத்தாகலாம்.

நான்காவது வாரம் தோல்வி. ஒரு கண்டெய்னர் லாரி இடதுபுறமாகவே முந்தியது. உபதேசியார் பஸ் ஸ்டாப் ஒதுக்கத்தில் நிறுத்தி, இறங்கி, வாந்தியெடுத்தார். "போதும்யா, என்னை வீட்ல விட்ருங்க" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஓட்டுநர் ஒத்துக்கொள்ளவில்லை. அபாய விளக்கைப் போட்டுவிட்டு, எங்களைச் சாலையை விட்டுத் தள்ளி நிழலில் உட்காரவைத்தார். இருபது நிமிடத்தில் படபடப்பு இறங்கியது. "இப்ப அடுத்த பங்க் வரைக்கும் மட்டும் நீங்க ஓட்டுங்க, உபதேசியாரய்யா. பொறவு நான் ஓட்டுறேன்" என்றார். ஓட்டினார். அந்த இரண்டு கிலோமீட்டர்தான் திருப்பம் என்று மனநல மருத்துவர் பிறகு சொன்னார்.

எட்டு சனிக்கிழமைகள் ஆயின. இப்போது பகலில் கள்ளிக்குடியிலிருந்து நான்குவழிச்சாலையிலேயே வந்து, பழைய வழியில் நகருக்குள் நுழைகிறார். அந்தப்பக்கத்து இரண்டு கிராமங்களிலும் மறுபடி ஆராதனை நடக்கிறது. இரவில் இன்னும் முடியவில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஐந்து வாரம் திரும்பக் கிடைக்கவில்லை. மயக்கமருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிட வேண்டியிருந்தது. பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. நடக்கிறார், படி ஏறுகிறார். தரையில் உட்கார முடியாது. பெண்கள் பாயில் உட்காருகிற அந்தச் சபையில் அவருக்கு மட்டும் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டு அட்டையில் குறித்துக்கொண்டிருந்த நாங்கள், ‘எப்படி வருகிறீர்கள்?’ என்று முதல் நாளிலேயே கேட்டிருந்தால் அந்த நாற்காலி தேவைப்பட்டிருக்காது. இப்போது பிசியோதெரபி அட்டையில் அந்தக் கேள்வியை அச்சிட்டிருக்கிறோம். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களிடம் மட்டுமல்ல, ஓட்டிவந்து அடிபடாமல் தப்பினவர்களிடமும் கேட்கிறோம். வெளியில் காயம் இல்லாததால் அவர்களை யாரும் விசாரிப்பதில்லை.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால், முதலில் வீட்டாரிடம் சொல்லுங்கள். நடுவழியில் பயம் வந்தால் பிரேக்கை மிதித்துவிடாதீர்கள். இடது இண்டிகேட்டர் போட்டு, மெதுவாகக் குறைத்து, பங்க்கோ ஓட்டலோ வரும்வரை போய் நிறுத்துங்கள். வண்டி நின்றுபோனால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலிமானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நம் மருத்துவமனைக்கு வந்தாலும் சரி. வரும் வழிதான் பயமென்றால் எழுதுங்கள், நாங்கள் வருகிறோம்.

ஜெபக்குறிப்பு ஒன்று. டிசம்பர் கீத பவனிக்கு ஐந்து கிராமங்களுக்கும் இரவில் போயாக வேண்டும். சபை வாலிபர் ஒருவர் இவ்வாண்டு லைசென்ஸ் எடுத்திருக்கிறார். வேனை அவர் ஓட்டுவார். உபதேசியார் பக்கத்தில் உட்கார்ந்து, பங்க், பஸ் ஸ்டாப், சர்வீஸ் ரோடு என்று சொல்லிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அம்மாவும் போகிறார். அவர் காலை நீட்டிக்கொள்ள வசதியாக நடுசீட்டைக் கழற்றி வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனைச் சிற்றாலயக் குரு